லீடு பங்கீடு: விற்பனைக் குழுவில் மனக்கசப்பு வராமல் தானியங்கிச் சுற்று வைப்பது எப்படி

மனையும் பிளாட்டும் விற்கிற ஆபீஸ்களில் சண்டை எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் லீடில்தான், அதாவது வாங்கலாமா என்று விசாரித்து வருபவரின் பெயர், நம்பரில்தான். "நல்ல லீடெல்லாம் அவருக்கே போகுது, எனக்கு வர்றது பூரா ஜங்க்" என்ற பேச்சு டீக்கடையில் ஆரம்பித்து, மாதக் கடைசியில் இன்சென்டிவ் கணக்கு போடும்போது மேனேஜர் அறைக்குள் வந்து நிற்கும். அந்தப் புகார் உண்மையா என்று சொல்ல மேனேஜரிடமும் கணக்கு இருக்காது. ஏனென்றால் லீடு வாட்ஸ்அப் குரூப்பில் விழுகிறது, யார் முதலில் "டேக்கன்" போடுகிறாரோ அவருக்குப் போகிறது. அல்லது மேனேஜரே பார்த்து, அந்த நேரத்தில் யார் முகம் ஞாபகம் வருகிறதோ அவருக்குத் தள்ளிவிடுகிறார்.

சென்னையில் ஜிஎஸ்டி ரோடு, ஓஎம்ஆர் பக்கம் வீடு விற்கிற, நான்கிலிருந்து பத்துப் பேர் வரை உள்ள குழுவை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கோயம்புத்தூரில் பம்ப் விற்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும், லீடு 99ஏக்கர்ஸ் என்ற வீட்டு விளம்பர இணையதளத்துக்கு (போர்ட்டல்) பதில் இந்தியாமார்ட் என்ற வணிகப் போர்ட்டலிலிருந்து வரும், அவ்வளவுதான்.

சுற்று வைப்பது, அதாவது வரும் லீடுகளைக் கணினியே ஆள் மாற்றி ஆள் பிரித்துக் கொடுக்கும்படி செய்வது, கஷ்டமான வேலை இல்லை, கணினி தெரிந்த ஒருவர் அரை நாளில் செய்துவிடுவார். லீவு, ஜங்க், டூப்ளிகேட், இராத்திரி வரும் லீடு, இந்த நான்குக்கும் விதி எழுதாமல் ஓட விட்டால்தான் பழைய சண்டையே மறுபடி வரும், இந்த முறை "சிஸ்டம் ஒருதலைப்பட்சமா இருக்கு" என்ற பெயரில். அதனால்தான் எந்த டூல் என்ற பேச்சை ஆறாவது படி வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறேன். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

இன்னொன்று. நியாயம் ஒரு பக்கம், வேகம் இன்னொரு பக்கம். ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ 2011 மார்ச்சில் வெளியிட்ட ஓர் ஆய்வில் 2,241 அமெரிக்க நிறுவனங்களுக்கு இணையம் வழியாக விசாரணை அனுப்பிப் பார்த்தார்கள். 23 சதவீத நிறுவனங்கள் பதிலே சொல்லவில்லை. அதே கட்டுரையில் வரும் இன்னோர் ஆய்வில், ஒரு மணி நேரத்துக்குள் தொடர்பு கொள்ள முயன்ற நிறுவனங்களுக்கு, அதைவிட ஒரு மணி நேரம் தாமதித்தவர்களைக் காட்டிலும், வாங்கும் முடிவு எடுக்கக்கூடிய ஆளோடு உருப்படியாகப் பேசும் வாய்ப்பு கிட்டத்தட்ட 7 மடங்கு இருந்தது. நம் ஊரில் போர்ட்டலில் ஒருவர் நம்பர் கொடுத்தாலே நான்கைந்து இடத்திலிருந்து போன் போய்விடுகிறது, ஆகவே தாமதம் இன்னும் கூடுதலாகவே அடிக்கும். யாருக்கு என்று பிரிக்கவே இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால் எவ்வளவு நியாயமாகப் பிரித்தும் பிரயோஜனம் இல்லை.

படி 1: லீடு எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று எழுதுங்கள்

99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ், ஃபேஸ்புக் லீடு ஃபார்ம், கூகுள் விளம்பரம், சொந்த வெப்சைட், ஹோர்டிங்கில் இருக்கிற மிஸ்டு கால் நம்பர், சைட்டுக்கு நேரில் வந்து இறங்குபவர்கள், பழைய கஸ்டமர் சொல்லி வருபவர்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கடந்த மாதம் எத்தனை வந்தது, அதில் எத்தனை சைட் விசிட் ஆனது என்று போடுங்கள். தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை.

இது எதற்கு என்றால், எல்லா லீடும் ஒரே தரம் கிடையாது. ஃபேஸ்புக் ஃபார்மில் பெயரும் நம்பரும் தானாகவே நிரம்பிவிடுவதால் விரல் பட்டே அனுப்பியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஹோர்டிங் பார்த்து, வண்டியை ஓரம் கட்டி, மிஸ்டு கால் கொடுத்தவர் அந்த ஏரியாவில் வீடு தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கினால் எண்ணிக்கை சமமாக வரும், வருமானம் சமமாக வராது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. உங்கள் குழுவில் நான்கு பேர், போர்ட்டல் லீடும் ஃபேஸ்புக் லீடும் மாறி மாறி வருகின்றன என்று வையுங்கள். சுற்று ஒன்றுதான் என்றால் 1, 3 ஆவது ஆட்களுக்குப் போர்ட்டல் லீடாகவே போகும், 2, 4 ஆவது ஆட்களுக்கு ஃபேஸ்புக்காகவே போகும். எண்ணிப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை, யாரும் தப்பு செய்யவில்லை, ஆனால் புகார் சொன்னவர் சொன்னது சரி. நிஜத்தில் இவ்வளவு ஒழுங்காக மாறி மாறி வராதுதான், ஆனால் கனெக்டர் (லீடுகளைத் தானாக இழுத்து வரும் இணைப்பு மென்பொருள்) 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு இடத்திலிருந்தும் மொத்தமாக இழுத்துப் போடும் அமைப்பில் இதன் சாயல் வந்தே தீரும். தீர்வு எளிது: தரத்தில் வித்தியாசமான மூலங்களுக்குத் தனித்தனிச் சுற்று. எட்டு மூலம் இருந்தால் எட்டுச் சுற்று வேண்டாம், "சூடு" "வெதுவெதுப்பு" என்று இரண்டு போதும், அதிகம் போனால் மூன்று.

படி 2: எது சுற்றுக்குள் வராது?

மூன்று வகை லீடுகள் சுற்றுக்கு வெளியே நிற்க வேண்டும்.

முதலாவது, ஏற்கெனவே நம்மிடம் வந்த நம்பர். கடந்த 90 நாளில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் கஸ்டமர் இன்னொரு போர்ட்டலிலும் விசாரித்தால் அந்த லீடு பழைய ஆளுக்கே போகும், அவருடைய கணக்கில் புதிதாக ஏறாது. 90 என்பதை நீங்கள் 60 என்றும் வைக்கலாம், வீட்டு விற்பனையில் மக்கள் மெதுவாகத்தான் முடிவெடுப்பார்கள் என்பதால் நான் 90 சொல்கிறேன். இதைச் சரிபார்க்க போன் நம்பரை ஒரே மாதிரி ஆக்க வேண்டும்: ஒன்று பூஜ்யத்தில் தொடங்கும், ஒன்று பிளஸ் 91 போட்டு வரும், ஒன்று நடுவில் இடைவெளியோடு வரும். எண்களைத் தவிர மற்றதை நீக்கிவிட்டுக் கடைசி 10 இலக்கத்தை ஒப்பிட்டால் உள்ளூர் நம்பருக்குப் போதும். வெளிநாட்டில் இருப்பவர்கள் உங்களிடம் வாங்குகிறார்கள் என்றால் கவனம், சிங்கப்பூர் நம்பருக்கு 8 இலக்கம்தான், துபாய் மொபைலுக்கு 9; அவற்றை நாட்டுக் குறியீட்டோடு முழுசாக ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, பெயர் சொல்லிக் கேட்டு வருபவர்கள். பழைய கஸ்டமர் தன் அண்ணனை அனுப்பி "அந்த சாரைப் பாருங்க" என்று சொல்லியிருந்தால் அது அந்த ஆளின் உழைப்பு. அதைச் சுற்றில் போட்டுப் பிடுங்கினால் நாளைக்கு யாரும் ரெஃபரன்ஸ் வாங்க மெனக்கெட மாட்டார்கள். ஆனால் ஒரு காவல் வேண்டும்: ரெஃபரன்ஸ் என்று பதிகிற நம்பர் கடந்த 90 நாளில் வேறு எந்த வழியிலும் நம்மிடம் வந்திருக்கக் கூடாது. இல்லாவிட்டால் விளம்பரத்தில் வந்த லீடே ரெஃபரன்ஸ் வேடம் போடும்.

மூன்றாவது, மொழி. இந்தியில் மட்டும் பேசுகிற கஸ்டமரை இந்தி தெரியாதவரிடம் கொடுப்பது இரண்டு பேருக்கும் தண்டனை. இந்தி, தெலுங்கு, மலையாளம் தெரிந்தவர்களுக்குள் சின்னச் சுற்று வையுங்கள், ஆனால் அதில் கிடைத்ததையும் அவரவர் பொதுக் கணக்கில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் நான்கு மொழி தெரிந்தவருக்கு மட்டும் இரட்டிப்பு லீடு போய்விடும். அப்படித்தான் போகட்டும், அது அவருடைய திறமை என்று நீங்கள் நினைத்தால் அதுவும் ஒரு முடிவுதான். எழுதி வையுங்கள், எல்லோருக்கும் தெரியும்படி.

கணவர் ஒரு நம்பரில் 99ஏக்கர்ஸில் விசாரிப்பார், மனைவி வேறு நம்பரில் ஃபேஸ்புக்கில் விசாரிப்பார், சைட்டில் இரண்டு பேரும் ஒரே காரிலிருந்து இறங்கும்போதுதான் இரண்டு எக்ஸிக்யூட்டிவ்களுக்கும் விஷயமே தெரியும். கணினியால் இதைப் பிடிக்க முடியாது. இதற்கு நான் சொல்லும் விதி: முதலில் பேசி, அந்தப் பேச்சைப் பதிவு செய்தவர் யாரோ கஸ்டமர் அவருக்கு, மற்றவருக்கு இழந்த முறை திரும்பக் கிடைக்கும். ஒரே நாளில் இருவரும் பேசியிருந்தால் புக்கிங் ஆனபின் இன்சென்டிவ் பாதி பாதி. எதை வைத்தாலும் அது சைட்டில் கஸ்டமர் முன்னால் முடிவாகக் கூடாது.

படி 3: உங்களுக்கு எது நியாயம்?

இதை மேனேஜர் தனியாக உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம், குழுவைக் கூட்டிப் பேசுங்கள். மூன்று விதமாகப் பிரிக்கலாம்: எல்லோருக்கும் சமம், அனுபவத்துக்கு ஏற்ப எடை, விற்றுக் காட்டியவருக்கு அதிகம்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதம் பாதி எடை என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, அவருக்கு விலைப்பட்டியலே இன்னும் மனப்பாடம் ஆகியிருக்காது. ஆனால் மூன்றாவது முறையை, அதாவது போன மாதம் அதிகம் விற்றவருக்கு இந்த மாதம் அதிக லீடு என்பதை, கடுமையாக எதிர்க்கிறேன். அதிக லீடு வாங்கியவர் அதிகம் விற்பார், அதிகம் விற்றவர் மேலும் லீடு வாங்குவார், மூன்றே மாதத்தில் கீழே இருப்பவர் மேலே வரவே வழியில்லாமல் போகும். எண்ணிக்கையை விட்டுவிட்டு விகிதம் பார்ப்போம் என்றாலும் சிறிய எண்களில் விகிதம் ஏமாற்றும். 40 லீடில் ஒருவர் 2 புக்கிங், இன்னொருவர் 4 புக்கிங் என்றால் ஒருவர் மற்றவரைவிட இரண்டு மடங்கு திறமைசாலி மாதிரித் தெரிகிறது. இருவருக்கும் திறமை ஒன்றேதான், சராசரியாக 40க்கு 3 முடிப்பவர்கள்தான் என்று வைத்தாலும், ஒரு மாதம் 2, ஒரு மாதம் 4 என்று தானாகவே ஆடும். அந்த ஆட்டத்தைத் திறமை என்று எண்ணி ஒருவருடைய சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். விகிதம் பார்த்தே ஆக வேண்டும் என்றால் குறைந்தது ஆறு மாதக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

படி 4: லீவு, இரவு, ஜங்க்

லீவில் இருப்பவர் சுற்றில் இருக்கக் கூடாது, இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அரை நாள் சைட்டில் கஸ்டமரோடு இருப்பவர்? சனி, ஞாயிறு இதுதான் பெரிய பிரச்சினை. விசாரணை அதிகம் வருவதும் அன்றைக்குத்தான், ஆட்கள் காரில் கஸ்டமரைக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருப்பதும் அன்றைக்குத்தான். ஆகவே ஒவ்வொருவரும் தன்னை "ட்யூட்டியில்", "வெளியே" என்று போனிலிருந்தே மாற்றிக்கொள்ள ஒரு வழி வையுங்கள். சைட் விசிட்டுக்காக வெளியே போனவர் நஷ்டப்படக் கூடாது, அவர் திரும்பி வந்ததும் அடுத்த முறையில் அவருக்கு முன்னுரிமை கிடைக்க வேண்டும். அதற்கான கணக்கு அடுத்த படியில் வருகிறது.

இரவு எட்டு மணிக்கு மேல் வரும் லீடுகளை அப்போதே பிரித்தால் காலை பத்து மணி வரை ஒருவர் பெயரில் தூங்கும். அவற்றைத் தனியாகப் பிடித்து வைத்து, காலையில் ஆபீஸ் திறந்ததும் யார் ட்யூட்டியில் இருக்கிறார்களோ அவர்களுக்குள் வரிசையாக விடுங்கள், பழைய லீடு முதலில். கஸ்டமருக்கு மட்டும் "காலை பத்து மணிக்குள் கூப்பிடுகிறோம்" என்று இரவே ஒரு மெசேஜ் போய்விட வேண்டும்.

ஜங்க் என்றால் என்ன என்பதை வார்த்தையில் எழுதுங்கள். நம்பர் இல்லை, தவறான நம்பர், டூப்ளிகேட், வேலை கேட்டு வந்தவர், வேறு புரோக்கர்: இவ்வளவுதான் ஜங்க். பட்ஜெட் பொருந்தாதவர் ஜங்க் இல்லை. போன் எடுக்காதவரும் ஜங்க் இல்லை. ஆர்என்ஆர் (மணி அடித்தது, எடுக்கவில்லை) என்று ஒரே ஒரு கால் அடித்து மூடிவிட்டு "எனக்கு வேற லீடு குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தால் முறையே கெட்டுவிடும். இரண்டு நாளில், காலை ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று என்று மூன்று முறையாவது கூப்பிட்டிருக்க வேண்டும், அப்புறமும் அது ஆர்என்ஆர்தான், ஜங்க் ஆகாது. ஜங்க் என்று சொல்ல 48 மணி நேரம் கெடு. மேனேஜர் அந்த நம்பருக்குத் தானே ஒரு கால் போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டால் இழந்த முறை திரும்பக் கிடைக்கும்.

படி 5: சுற்றின் கணக்கு

ஆட்டோ ஸ்டாண்டில் நடப்பதுதான் அடிப்படை: வரிசையில் முதலில் நிற்கும் வண்டி சவாரியோடு போகும், திரும்பி வந்து கடைசியில் நிற்கும். லீடுக்கும் அதையே பலர் வைக்கிறார்கள். லீவும் எடையும் உள்ளே வரும்போது இது தடுமாறும்.

"யாருக்குக் குறைவாகப் போயிருக்கிறதோ அவருக்கு அடுத்தது" என்று வைப்பவர்களும் உண்டு. கேட்க மிக நியாயமாக இருக்கும். ஒருவர் ஐந்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வந்து உட்கார்ந்ததும் என்ன ஆகும் தெரியுமா? எல்லோரையும்விட அவருக்குத்தான் எண்ணிக்கை குறைவு, அதனால் அன்று வரும் லீடெல்லாம் அவர் தலையிலேயே விழும். அவரால் கூப்பிட்டு முடிக்க முடியாது, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக ஒருவர் சேர்ந்த நாளிலும் இதேதான்.

நான் பரிந்துரைப்பது இருப்புக் கணக்கு. என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருள் தனக்கு வரும் வேலையைப் பல கணினிகளுக்குப் பிரிக்கப் பயன்படுத்தும் அதே முறை. ஒவ்வொருவருக்கும் ஓர் இருப்பு, தொடக்கத்தில் பூஜ்யம். லீடு வந்ததும் ட்யூட்டியில் இருக்கும் ஒவ்வொருவர் இருப்பிலும் 1 கூட்டுங்கள். யார் இருப்பு அதிகமோ அவருக்கு லீடு. சமமாக இருந்தால் பட்டியலில் முன்னால் இருப்பவருக்கு. வாங்கியவர் இருப்பிலிருந்து, அப்போது ட்யூட்டியில் எத்தனை பேரோ அந்த எண்ணைக் கழியுங்கள்.

அ, ஆ, இ, ஈ என்று நான்கு பேரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். முதல் லீடு: எல்லோருக்கும் 1, சமம், ஆகவே அ வாங்குகிறார், 4 கழித்தால் அவர் இருப்பு மைனஸ் 3, மற்ற மூவருக்கும் 1. இப்போது ஆ சைட்டுக்குப் போய்விடுகிறார், அவர் இருப்பு 1 என்றே நிற்கும். இரண்டாவது லீடு: மீதி மூவருக்கும் 1 கூட்டினால் அ மைனஸ் 2, இ 2, ஈ 2. இ வாங்குகிறார், ட்யூட்டியில் மூவர்தான் என்பதால் 3 கழித்து மைனஸ் 1. மூன்றாவது லீடு: அ மைனஸ் 1, இ 0, ஈ 3. ஈ வாங்குகிறார், 3 கழித்துப் பூஜ்யம். ஆ திரும்பி வருகிறார். நான்காவது லீடு: அ 0, ஆ 2, இ 1, ஈ 1. ஆவுக்குத்தான். ஒரே ஒரு லீடு முன்னுரிமையாகக் கிடைத்தது, அதற்குப்பின் அவர் இருப்பு மைனஸ் 2, சுற்று வழக்கம்போல் ஓடும். ஐந்து நாள் லீவு போட்டு வந்தாலும் இப்படித்தான், வெள்ளம் வராது. புதியவர் பூஜ்யத்தில் தொடங்குவார்.

எடை வேண்டும் என்றால் 1 கூட்டுவதற்குப் பதில் அவரவர் எடையைக் கூட்டி, வாங்கியவரிடமிருந்து மொத்த எடையைக் கழியுங்கள். 3, 2, 1 என்று எடை வைத்தால் ஆறு லீடு அ, ஆ, அ, இ, ஆ, அ என்று போகும். ஒருவருக்கே மூன்று தொடர்ந்து போய்விட்டு அடுத்தவர் காத்திருக்கும் நிலை இல்லை, அதுதான் இதன் அழகு. ஜங்க் ஒப்புக்கொள்ளப்பட்டால் அந்த முறையை அப்படியே திருப்பி எழுதுங்கள்: வாங்கியவருக்குக் கழித்ததைக் கூட்டி, அன்று எல்லோருக்கும் கூட்டியதைக் கழிக்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு லீடுக்கும் பக்கத்தில் அப்போது யார் யார் ட்யூட்டியில் இருந்தார்கள் என்பதையும் பதிந்து வையுங்கள்.

படி 6: டூல்

மாதம் சில நூறு லீடு வரை கூகுள் ஷீட்டும், அதற்குள் சின்ன நிரல் எழுத உதவும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டும் போதும். மூன்று தாள்: லீடுகள், ஆட்கள் (பெயர், எடை, ட்யூட்டி நிலை, இருப்பு), வரலாறு. போர்ட்டல், ஃபேஸ்புக் லீடுகளை ஷீட்டுக்குள் கொண்டுவர ஜேப்பியர், பேப்லி மாதிரி கனெக்டர் வைத்துக்கொள்ளலாம்.

பலர் முட்டிக்கொள்ளும் இடம் இது: ஷீட்டில் யாராவது டைப் செய்தால் ஓடுகிற ட்ரிகர் (ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட வைக்கும் அமைப்பு), கனெக்டர் எழுதும் வரிக்கு ஓடாது. கையால் சோதிக்கும்போது பிரமாதமாக வேலை செய்யும், நிஜ லீடு வந்தால் அசையாது. அதனால் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் நேர ட்ரிகர் வையுங்கள். இலவச ஜிமெயில் கணக்கில் எல்லா ட்ரிகர்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு 90 நிமிடம்தான் ஓடலாம், கட்டணம் கட்டும் வொர்க்ஸ்பேஸ் கணக்கு என்றால் 6 மணி நேரம். ஒரு நாளைக்கு 1,440 நிமிடம், 90 நிமிடத்தை அதில் பங்கிட்டால் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நான்கு வினாடிகூட இல்லை. ஆகவே புது வரி இல்லை என்றால் உடனே வெளியேறும்படி ஸ்கிரிப்ட்டை எழுதுங்கள், தாள் முழுவதையும் ஒவ்வொரு முறையும் படிக்க விடாதீர்கள்.

இரண்டு ஓட்டம் ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டும் ஒரே இருப்பைப் படித்து ஒரே ஆளுக்கு இரண்டு லீடு கொடுத்துவிடும். இதைத் தடுக்க ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டிலேயே லாக் சர்வீஸ் இருக்கிறது. பூட்டை வாங்கி, இருப்பைப் படித்து, லீடை எழுதி, இருப்பைத் திருத்தி, அப்புறம் பூட்டை விட வேண்டும். அவரவர் ட்யூட்டி நிலையை மாற்றுவது தவிர, ஆட்கள் தாளைத் திருத்தும் உரிமை ஒருவருக்கு மட்டும், பார்க்கும் உரிமை எல்லோருக்கும். இருப்பு எல்லோர் கண்ணிலும் பட வேண்டும், "அடுத்தது யாருக்கு" என்று குழுவில் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ள முடிந்தால் பாதிப் புகார் அங்கேயே நின்றுவிடும்.

சிஆர்எம் (கஸ்டமர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வைத்திருக்கிறீர்கள் என்றால் அதற்குள்ளேயே செய்யுங்கள். ஜோஹோ சிஆர்எம்மில் அசைன்மென்ட் ரூல்ஸ் பகுதியில் ரவுண்ட் ராபின், அதாவது சுற்று, இருக்கிறது, மூலம், மொழி, பட்ஜெட் என்று நிபந்தனையும் சேர்க்கலாம். ஹப்ஸ்பாட்டில் ஒர்க்ஃப்ளோவுக்குள் உரிமையாளரைச் சுழற்றும் ஒரு செயல் உண்டு, அது இலவசத் திட்டத்தில் வராது. எதுவாக இருந்தாலும் லீவில் இருப்பவரைத் தாண்டிப் போகிறதா என்று ஒருவரை லீவில் வைத்து நீங்களே சோதித்துப் பாருங்கள், விளம்பரப் பக்கத்தை நம்ப வேண்டாம்.

சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம்மில் வழக்கமாகச் சொல்லித்தரும் வழி, லீடுக்கு ஒரு தானியங்கி எண் கொடுத்து, அதை ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் மீதியை வைத்து ஆளை முடிவு செய்வது. தொடங்குவதற்கு நல்ல வழிதான். ஆனால் சுற்றுக்கு வெளியே நிற்கும் லீடுக்கும் அந்த எண் ஏறும், ரெஃபரன்ஸ் ஒன்று நடுவில் புகுந்தால் ஒருவருடைய முறை சத்தமில்லாமல் போய்விடும். ஆள் கூடினாலோ குறைந்தாலோ வகுக்கும் எண்ணையும் ரூலையும் கையால் மாற்ற வேண்டும். அதைத்தான் மறந்துபோவார்கள், வேலையை விட்டவர் பெயருக்கு லீடு போய்க்கொண்டே இருக்கும்.

படி 7: ஒத்திகை

போன மாத லீடுகளை எடுத்துப் புது முறையில் ஓட்டிப் பாருங்கள், நிஜத்தில் யாருக்கும் அனுப்பாமல். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மூலத்திலிருந்தும் எத்தனை போயிருக்கும் என்று அட்டவணை எடுத்துக் குழுவிடம் காட்டுங்கள். ஃபேஸ்புக்கிலிருந்து பழைய லீடுகளை இறக்க வேண்டும் என்றால் 90 நாளுக்குள் இறக்கிவிடுங்கள், அதற்குமேல் கிடைக்காது.

படி 8: எடுக்காத லீடுக்குக் கெடு

லீடு ஒதுக்கியதும் அந்த ஆளுக்கு மட்டும் மெசேஜ் போகட்டும். 15 நிமிடத்தில் முதல் கால் பதிவாகவில்லை என்றால் லீடு அடுத்தவருக்குப் போகும், விட்டவருக்கு முறை திரும்பக் கிடைக்காது. ஒரே நாளில் இரண்டு முறை விட்டால் அவரைச் சிஸ்டமே "வெளியே" என்று மாற்றிவிடும், அவர் வந்து தானே ட்யூட்டி போட்டுக்கொள்ளட்டும். கால் போன நேரத்தை ஆள் டைப் செய்யக் கூடாது, சிஆர்எம்மிலிருந்தோ ஐவிஆர் சேவையிலிருந்தோ (கால்களைத் தானாக ஏற்று ஆட்களுக்குத் திருப்பும் சேவை) தானாகப் பதிய வேண்டும்.

லீடுகளைப் பழைய வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுவதை அன்றே நிறுத்துங்கள். வேலையை விட்டுப் போனவர்கள்கூட அந்த குரூப்பில் இருப்பார்கள். கஸ்டமர் நம்பரைக் காப்பாற்றும் பொறுப்பு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 படி நம்முடையது.

படி 9: மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

ஆளுக்கு எத்தனை என்ற ஒரே எண் போதாது. ஆள், மூலம் இரண்டையும் குறுக்கும் நெடுக்கும் வைத்து எண்ணுங்கள். அப்புறம் முதல் கால் போக ஆன நேரம், ஜங்க் கேட்டது எத்தனை, ஒப்புக்கொண்டது எத்தனை, மேனேஜர் கையால் மாற்றியது எத்தனை.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். கையால் மாற்றும் வசதி வேண்டும், கஸ்டமரே ஆளை மாற்றச் சொல்லும் சூழ்நிலை வரும். ஆனால் காரணம் எழுதாமல் மாற்ற முடியாதபடி வையுங்கள், அந்தப் பட்டியலைக் குழு மொத்தமும் பார்க்கட்டும். முதலாளியின் உறவினர் குழுவில் இருந்தால் இந்த ஒரு பட்டியல்தான் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு.

ட்யூட்டி பொத்தானையும் கவனியுங்கள். ஹோர்டிங் லீடு வரும் நேரம் மட்டும் உள்ளே இருந்துவிட்டு, ஃபேஸ்புக் விளம்பரம் ஓடும் மாலையில் தினமும் ஒருவர் "வெளியே" போகிறார் என்றால் அது வரலாற்றுத் தாளில் தெளிவாகத் தெரியும். அவரிடம் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், சைட் விசிட் பதிவு இல்லாமல் வெளியே போட முடியாது என்று ஆக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

படி 10: ஒருவர் வேலையை விட்டால்

அவர் பெயரில் நூற்றுக்கணக்கில் பழைய லீடு கிடக்கும். மொத்தமாக ஒருவருக்கு மாற்றாதீர்கள், மேனேஜர் நல்லதைப் பொறுக்கிவிட்டு மீதியைக் கொடுத்தார் என்ற பேச்சும் வரும். சைட் விசிட் முடிந்தவர்கள், பேசிக்கொண்டிருப்பவர்கள், ஆர்என்ஆர் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிச் சுற்றில் விடுங்கள், தினச் சுற்றின் இருப்பைத் தொடாமல். டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தவர்களை மட்டும் சுற்றில் விடாமல் மேனேஜரே கையில் எடுத்துக்கொண்டு பதிவு முடியும் வரை பார்க்க வேண்டும். போனவருக்குச் சேர வேண்டிய இன்சென்டிவ் எவ்வளவு, எந்த நிலை வரை என்பதை அவர் கிளம்பும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். விலகும் நாளன்றே ஆட்கள் தாளில் அவர் நிலையை மாற்றி, ஐவிஆரில் அவர் நம்பரையும் எடுங்கள். ஷீட்டில் எடுத்துவிட்டு ஐவிஆரில் விட்டுவிட்டால், மிஸ்டு கால் லீடுகள் அவருடைய புது ஆபீஸுக்குப் போகும்.